பாதி இறக்கிய கதவு

பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள், என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டின் தமிழ்ப் பிரதியை நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினார்கள் என்பதை இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு மறந்துபோகும்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் புத்தகம் கட்டிக்கொண்டிருந்தவன். நூலகத்துக்கு அலுமாரி துடைக்கிற தொழிலாளியாக வந்து சேர்ந்தேன். ஒருநாள் ஸ்கேன் இயந்திரம் நின்றுபோனது. கொழும்பிலிருந்து ஆள் வரட்டும் என்று படித்தவர்கள் எல்லாரும் கைகட்டி நின்றபோது நான் அதன் வயிற்றைத் திறந்து, உள்ளே செத்துக் கிடந்த பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு ஓடவிட்டேன். அன்றைக்கு அந்த இயந்திரம் எனக்கு. கொஞ்சக் காலத்தில் அந்த அறையும் எனக்கு. கடைசியில், இந்தப் பல்கலைக்கழகத்தில் எழுதப்படுகிற எந்தக் கட்டுரையும் என் கை படாமல் உலகத்துக்குப் போவதில்லை என்றாகிவிட்டது. கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "காக்கா, இண்டைக்குப் போட்டுருவீங்கதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். ஓய்வு வயது வந்த பிறகும் விடாமல் இரண்டு வருடம் பிடித்து வைத்திருந்தார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பின்னால் வருகிற கதையில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதனால் முன்னாலேயே வயிறு நிறையச் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில், எதற்காக இந்த வேலை என்பது.

சாகாமத்துப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி ஒருமுறை நூலகத்துக்கு வந்தார். அவருடைய வயலில் மூன்று போகம் கொடி கட்டி, குச்சி நட்டு, நெற்பூச்சி ஆராய்ச்சி நடந்தது. அரசாங்கம் பணம் கொடுத்து நடந்த ஆராய்ச்சி. கட்டுரை வெளிவந்தது. அவருடைய மகள் கைபேசியில் தேடிப் பிடித்திருக்கிறாள். வாசிப்பதென்றால் டொலரில் பணம் கட்டு என்று அது கேட்டிருக்கிறது. மனிதர் என்னிடம் கேட்டார்: "என்ட வயல், என்ட பூச்சி, அரசாங்கத்துக் காசு. இதுல எனக்கு மட்டும் ஏன் தம்பி கதவடைப்பு?"

அவரை அப்படியே அழைத்துக்கொண்டு போய் அந்தக் கட்டுரையை எழுதிய பேராசிரியரின் அறையில் உட்கார வைத்தேன். "சேர், இவர் உங்கட கட்டுரைய வாசிக்க வந்திரிக்கார்" என்றேன். களஞ்சியத்துக்குத் தா, தா என்று நான் ஒரு வருடமாகக் கேட்டும் தராத பேராசிரியர், அன்று பின்னேரமே தம்முடைய பிரதியை அனுப்பி வைத்தார். பணம் தந்த சபையின் கடிதத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வென்றால், சஞ்சிகை அச்சடித்த பக்கத்தை நாம் தொடக்கூடாது. ஆனால் ஆசிரியர் கடைசியாகத் திருத்திக் கொடுத்த சொந்தப் பிரதியை ஒரு வருடத்துக்குள் யாரும் பணம் கட்டாமல் வாசிக்கும்படி வைத்தே ஆகவேண்டும். திறந்த அணுகல் என்று நீங்கள் வகுப்பில் படித்தது இதைத்தான். நான் அதை அந்த விவசாயியின் முகத்தில் படித்தேன்.

இப்படிப் படித்தவன்தான் பிறகு ஒரு கதவை என் கையாலேயே இறக்கினேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் இருந்தார். பெயர் வேண்டாம். கிணத்துச் சேர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கடற்கரையிலிருந்து வட்டை வரைக்கும், அதாவது வயல்வெளி தொடங்குகிற இடம் வரைக்கும், கிணறு கிணறாகப் போய்ப் போத்தலில் தண்ணீர் அள்ளுவார். வயலுக்குப் போடுகிற உரம் மணலுக்குள்ளால் இறங்கி எந்தெந்தக் கிணற்றுக்கு வந்திருக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. நடந்து நடந்து செருப்பு வார் அறுந்தாலும் புதுச் செருப்பு வாங்கமாட்டார். போத்தலுக்கு இலக்கம் எழுதி ஒட்டுகிற மஞ்சள் டேப்பை இடக்கால் செருப்பு வாரில் சுற்றிக்கொண்டு திரிவார். "சேர், செருப்புக்கும் இலக்கம் போட்டாச்சா?" என்று நான் கேலி பண்ணுவேன். "ஓம் காக்கா, நானும் ஒரு மாதிரிதானே" என்பார்.

கட்டுரை ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. அவர் கேட்காமலே தம்முடைய பிரதியைக் கொண்டுவந்து தந்தார். கூடவே தமிழில் ஒரு சுருக்கமும் எழுதியிருந்தார். "காக்கா, தண்ணி தந்த எல்லா வீட்டுக்கும் முடிவச் செல்லுறன் எண்டு வாக்குக் குடுத்திரிக்கன். நான் ஒவ்வொரு வீடா ஏறி முடிக்கக் காலம் எடுக்கும். இது திறந்து கிடக்கட்டும்" என்றார். திறந்து வைத்தேன்.

பிறகு ஒருநாள் காலை, பல்கலைக்கழக பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர் ஜன்னலில் சாய்ந்தபடியே மௌத்தாகிப் போனார். உயிர் போனது தெரியாமல், நித்திரை என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் எழுப்பவுமில்லை. முப்பத்தாறு வயது.

எங்கள் கடைத்தெருவின் வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மையத்து, அதாவது இறந்தவரின் உடல், அந்த வழியாகப் போகும்போது கடைக்காரர்கள் உருட்டுக் கதவைப் பாதிக்கு இறக்குவார்கள். முழுக்கச் சாத்துவதில்லை. மரியாதைக்குப் பாதி. மையத்தைச் சுமக்கிற சந்தூக்கு கடந்து போனதும் மறுபடி தூக்கிவிடுவார்கள். போட்டோகொப்பிக் கடையில் இருந்த காலத்தில் எத்தனையோ தரம் நான் உள்ளே நின்று இறக்கியிருக்கிறேன். உள்ளேயிருந்து பார்த்தால் ஆட்களின் முகம் தெரியாது. முழங்காலுக்குக் கீழே கால்கள் மட்டும் போகும். நூற்றுக்கணக்கான கால்கள், ஒரு சத்தமும் இல்லாமல்.

கிணத்துச் சேரின் மையத்துக்கும் தெருவில் அப்படித்தான் இறக்கினார்கள். கடற்கரை மையவாடியில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். அங்கிருந்து நேரே நூலகத்துக்கு வந்தேன். கையில் மணல் ஒட்டியிருந்தது. கணினியைத் திறந்தேன், அவருடைய கட்டுரை முன்னால் வந்தது. மனம் ஒரு மாதிரியாகிவிட்டது. தெருவெல்லாம் இறக்கியிருக்கிறது, நம்முடைய கடை மட்டும் ஆவென்று திறந்து கிடக்கிறதே என்று பட்டது. திரையில் பூட்டுக்குரிய பெட்டியில் சரி போட்டேன். பூட்டு விழுந்தது. தலைப்பும் சுருக்கமும் தெரியும். உள்ளே போக முடியாது. பாதிக் கதவு. மூன்றாம் நாள் தூக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மறந்தேன். முப்பதாம் நாளும் மறந்தேன். இந்தத் தொழிலில் எனக்கு ஞாபகப் பிசகே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

மூன்றரை மாதம் போனது. கச்சான் காற்று அடிக்கிற காலம். கந்தோர் ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் விசைப்பலகையில் மணல் நெருநெருக்கும். அன்று பகல் என்னோடு வேலை செய்த ஜெயா மிஸ் என்னைக் கூப்பிட்டாள். காரைதீவுப் பிள்ளை, வாய்க்காரி, ஆனால் வேலையில் கெட்டிக்காரி.

"காக்கா, இஞ்ச ஒருக்கா வாங்க. இந்தப் பதிவேட்டப் பாருங்க."

பூட்டிய கட்டுரை ஒன்றை யாராவது வாசிக்க விரும்பினால் 'பிரதி கேட்க' என்ற பொத்தானை அழுத்தி, காரணம் எழுதி அனுப்பலாம். அது நமக்கு வராது; நேரே ஆசிரியரின் மின்னஞ்சலுக்குப் போகும். ஆசிரியர் அதைத் திறந்து அனுமதிக்கலாம், மறுக்கலாம். திறந்தார் என்றால் அது நமது பதிவேட்டில் ஒரு வரியாக விழும்; அந்த வரியை அழுத்தினால் கோரிக்கையை நாமும் வாசிக்கலாம். கேட்டவருக்கும் 'ஆசிரியர் உங்கள் கோரிக்கையைப் பார்த்தார்' என்று தகவல் போகும்.

ஜெயா மிஸ் விரல் வைத்த இடத்தில் கிணத்துச் சேரின் பெயர் இருந்தது. ஒரே ஆளிடமிருந்து ஆறு கோரிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே: ஆசிரியர் பார்த்தார். ஆசிரியர் பார்த்தார். ஆசிரியர் பார்த்தார். இரண்டு மாதமாக, ஒருநாள் தவறாமல். அனுமதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. திறந்து, பார்த்து, மூடியிருக்கிறார்.

"நேரத்தப் பாருங்க காக்கா" என்றாள். எல்லாம் பின்னேரம். ஒரே நேரம். பெருநாள் அன்றும் அதே நேரம்.

அந்தக் கபுறில் நான் மண் போட்டிருக்கிறேன்.

"உங்கட ஆக்கள் மௌத்தானா இப்பிடித்தானா காக்கா?" என்றாள் ஜெயா மிஸ். கேலி பண்ணுகிற குரல்தான், ஆனால் நடுங்கியது. "எங்கட ஆக்கள் எண்டா முப்பத்தொண்டாம் நாள் சடங்கோட போயிடுவாங்க."

"வாயக் கழுவு புள்ள."

"நான் கழுவுறன். நீங்க மணிக்கூட்டப் பாருங்க. இன்னும் கொஞ்சத்தில அந்த நேரம்."

இருவரும் திரைக்கு முன்னால் இருந்தோம். காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது, முடிந்தது. நான் தொழப் போகவேண்டியவன், எழும்பவில்லை. ஜெயா மிஸ் பக்கத்தைப் புதுப்பித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி புதுப்பித்தாள். ஒன்றுமில்லை. "சும்மா நம்மள நாமே பயங்காட்டிக்கொண்டு..." என்று நான் வாயெடுத்தேன். மூன்றாம் தரம் புதுப்பித்தாள்.

ஆசிரியர் பார்த்தார்.

எங்கள் கண்ணுக்கு முன்னால் அந்த வரி வந்து விழுந்தது. ஜெயா மிஸ் கதிரையோடு பின்னுக்குப் போனாள். நான் எதை ஓதினேன் என்று எனக்கே தெரியாது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக வாசிக்கவேண்டும். அந்தப் பின்னேரம் எங்கள் இருவருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது: பார்க்கிறது யார்? கேட்கிறது யார், ஏன் கேட்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பேய்ப் பயத்தில் ஆறு கோரிக்கைகளையும் வாசிக்காமலே விட்டிருப்போம். நான் நடுக்கத்தில் சுட்டியை எங்கேயோ அழுத்த, முதல் கோரிக்கை தானாகத் திறந்துகொண்டது. அதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை.

எழுதியவர் ஆலையடிவேம்பைச் சேர்ந்த ஒரு குடும்பநல உத்தியோகத்தர். நாம் மிட்வைப் மிஸ் என்போமே, அவர். முதலாவதில், 'எனது பிரிவுக் கிணறுகளின் முடிவுகளைப் பார்க்க வேண்டும்' என்று மட்டும் இருந்தது. நான்காவதில் இப்படி: 'எனது பிரிவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு உதடும் நகமும் நீலம் பூக்கிறது. இருதயத்தில் குறையில்லை என்கிறார்கள். பால்மா கரைக்கிற கிணற்றுத் தண்ணீரில் எனக்குச் சந்தேகம். உங்கள் அட்டவணையில் அந்தக் கிணறு இருக்கிறதா?' ஐந்தாவது: 'குழந்தைக்கு இந்தக் கிழமை கூடிவிட்டது.'

ஆறாவது முந்திய நாள் வந்தது. 'சேர், நீங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏன் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்?'

அவளுக்கு அவர் மௌத்தான செய்தி தெரியாது. இரண்டு மாதமாக ஒரு மையத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் எழும்புவதற்குள் நூலகத்தின் பெரிய சேர் உள்ளே வந்துவிட்டார். நான் வாசித்துக்கொண்டிருக்கையில் ஜெயா மிஸ் கூப்பிட்டிருந்தாள். நல்ல மனிதர், ஆனால் கடிதத்தைக் கண்டால்தான் காலை எடுத்து வைப்பார். திரையைப் பார்த்தார்.

"இது யாரோ கள்ளத்தனமா உள்ள வந்திரிக்கான். அந்த மின்னஞ்சல் கணக்க முடக்கச் செல்லுவம். கட்டுரையில மட்டும் கை வெக்க வேணாம் காக்கா."

"திறந்து விட்டா என்ன சேர்?"

"பூட்டு விழுந்திரிக்கெண்டா ஒரு காரணம் இரிக்கும். சஞ்சிகைக்காரன் கேட்டுப் பூட்டியிருப்பாங்க. நாம தூக்கினா வழக்கு வரும். கமிட்டியில வெப்பம்."

"கமிட்டி எப்ப கூடும்?"

"அடுத்த மாசம்."

"அந்தப் பிள்ளைக்கி அடுத்த மாசம் இரிக்கா சேர்?"

ஜெயா மிஸ் என்னைப் பார்த்தாள். பதிவேட்டில் பூட்டியது யார் என்று பெயர் இல்லை. 'பொறுப்பாளர்' என்று மட்டும் இருந்தது. அந்தச் சொல் எத்தனையோ பேருக்குப் பொருந்தும். நான் வாயைத் திறக்காவிட்டால் பழி காற்றோடு போய்விடும். காரணம் தெரியாத பூட்டாக அது கமிட்டிக்குப் போகும். மேலும் ஒரு மாதம் இறங்கியே கிடக்கும். எனக்கு நீட்டித்துத் தந்த இரண்டு வருடம் முடிய அப்போது நான்கு மாதம். பிழையே விடாத ஆள் என்று பேர் வாங்கிப் போகலாம் என்றிருந்தவன்.

"சஞ்சிகைக்காரன் ஒருத்தனும் கேக்கல்ல சேர்" என்றேன். "நான்தான் பூட்டினன். அண்டைக்கு அடக்கிட்டு வந்து, மையத்துக்குக் கடை இறக்குற மாதிரி இறக்கினன். மறுகா தூக்க மறந்திட்டன்."

பெரிய சேர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "காக்கா, ஆராய்ச்சிக் கட்டுரைக்கா ஷட்டர் இறக்கின நீங்க?"

"ஓம் சேர்."

"எழுதித் தருவீங்களா?"

தந்தேன். என் எழுத்து உங்களுக்குத் தெரியும், கோழி கிண்டின மாதிரி. மூன்றே வரி. சேர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "காரணம் தெரிஞ்ச பூட்டுக்குக் கமிட்டி வேணாம். தூக்குங்க" என்றார். பெட்டியில் இருந்த சரியை எடுத்தேன். பூட்டு மறைந்தது. அஸர் முடிந்து அரை மணித்தியாலம் இருக்கும்.

உடனே கோரிக்கையில் இருந்த இலக்கத்துக்கு, மிட்வைப் மிஸ்ஸுக்கு அழைத்தேன். "கட்டுரை திறந்திரிக்கி மகள், அட்டவணையப் பாருங்க" என்றேன்.

"ஐயோ சேர், நீங்களா? எத்தின நாள் சேர்..." என்றாள். அழுதாளா, ஏசினாளா தெரியாது.

"நான் அவரில்ல. நான் நூலகத்து ஆள். அவர் மௌத்தாகி மூண்டரை மாசம்."

மறுமுனையில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கேயும் கச்சான்தான்.

"அப்ப, ஒவ்வொரு நாளும் பாத்தது ஆரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அத நான் பாக்கிறன். நீங்க முதல்ல கிணத்தப் பாருங்க."

ஒரு மணித்தியாலத்தில் அவளே திரும்ப எடுத்தாள். அட்டவணையில் அந்தக் கிணறு இருந்தது; வட்டையின் ஓரம், வேம்புக்குப் பக்கத்து வட்டக்கிணறு. உரத்து உப்பு மிகக் கூடிய கிணறுகளில் ஒன்று. பிள்ளையின் தாய் கவனக்குறைவான பெண் அல்ல. பிள்ளைக்கு நோய் கூடக் கூட, அவள் தண்ணீரை இன்னும் கூடுதலாகக் கொதிக்க வைத்திருக்கிறாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், அந்த உப்பு வற்றாது. ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே உப்பைக் கூட்டிக் கொடுத்திருக்கிறாள். மிஸ் அந்த அட்டவணையைக் கையில் பிடித்தபடி அன்றிரவே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். என்ன என்று தெரிந்ததும் வைத்தியம் நடந்தது. தண்ணீரை மாற்றினார்கள். பிள்ளை பிழைத்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த இரண்டு மாத நீலம் என்னுடையது. அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

மறுநாள் பின்னேரம் கிணத்துச் சேரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவிக்கு இத்தா முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது. புருசனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் பிற ஆண் முகம் பாராமல் இருக்கிற காலம் அது. அறை வாசலில் வெள்ளைத் திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் சேரின் உம்மா பாயில் இருந்தார். நான் வாசலோரம் கதிரையில் இருந்தேன். ஸலாம் சொல்லிவிட்டு, "சேர்ட ஃபோன் யாருக்கிட்ட இரிக்கி உம்மா?" என்று மட்டும் கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை.

திரைக்குள்ளே ஒரு அசைவு. பிறகு, "என்னட்டத்தான் மாமா" என்று ஒரு சிறிய குரல்.

அஸர் தொழுது முடித்து அவருக்காக ஓத உட்காரும்போது அந்தக் கைபேசியைத் திறந்து பார்ப்பாளாம். அவருக்கு இன்னும் ஆட்கள் எழுதுகிறார்கள் என்று பார்ப்பதில் ஒரு ஆறுதல். மிட்வைப் மிஸ்ஸின் கடிதங்கள் எல்லாவற்றையும் அவள் வாசித்திருக்கிறாள். அதற்குக் கீழே இருந்த இரண்டு பொத்தான்களையும் ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறாள்.

"அமுக்கியிருக்கலாமே மகள்?"

"மௌத்தான ஆள்ட பேர்ல நான் ஓம் எண்டு அமுக்கினா, அது பொய்க் கையொப்பம் இல்லையா மாமா? அவர் அப்பிடி ஒரு பொய்யும் செய்யாத ஆள். ஆருக்கும் செல்லவும் பயம். ஃபோன எடுத்துருவாங்க" என்றாள். "அந்தப் பிள்ளைக்கெண்டு ஒவ்வொரு நாளும் ஒரு யாசீன் ஓதினன். வேற என்னால ஏலா."

இத்தனை நாளும் பார்த்த ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. எழும்பப் போனேன். அப்போது சேரின் உம்மா திரையைப் பார்த்து அலுத்துக்கொண்டார்.

"ஓதிட்டு அப்பிடியே சுவர்ல சாஞ்சு நித்திரையாப் போறாள். அஸருக்குப் புறகு நித்திரை கூடா எண்டு எத்தினதரம் செல்லிட்டன். நித்திரையில புலம்பல் வேற."

"புலம்பல் இல்ல மாமி" என்றது திரைக்குள்ளிருந்த குரல். "அவரக் காண்றன்."

"எப்பிடிக் காண்ற நீங்க?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நான் ஒரு கடைக்குள்ள நிக்கன் மாமா. எந்தக் கடை எண்டு தெரியா. கொப்பி மெசின் மாதிரி ஒண்டு இரிக்கி. ஷட்டர் பாதிக்கு இறங்கிக் கிடக்கி. அவர் வெளிய நிக்கார். கால் மட்டும்தான் தெரியும். அந்த மஞ்சள் டேப் சுத்தின செருப்பு. ஒண்டும் கதைக்கமாட்டார். தூக்கச் செல்லவும் மாட்டார். நிப்பார். நான் தூக்கப் பாப்பன், எனக்கி அது பாரம். ஒவ்வொரு நாளும் அதே கனவுதான்."

நான் ஷட்டர் இறக்கியதை அதுவரை உலகத்தில் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருந்தேன். முந்திய நாள், நூலக அறைக்குள். போட்டோகொப்பிக் கடையில் நின்ற காலத்தை இந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. வெளியே காற்று நின்றிருந்தது. தென்னோலைச் சத்தமும் இல்லை. கதிரையின் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நேத்தும் கண்டீங்களா மகள்?"

"நேத்து வேற மாதிரி" என்றாள். "நேத்து நான் தூக்கல்ல. கதவு அதுவாவே மேல போச்சு. அவர்ட சாரன் தெரிஞ்சிது, மறுகா கையில போத்தல் தெரிஞ்சிது, மறுகா முகம். மூண்டரை மாசத்தில நேத்துத்தான் மாமா அவர்ட முகத்தக் கண்டன். என்னப் பாத்துச் சிரிச்சிட்டு, உள்ள வராமத் தெருவோட போயிட்டார். கிணறு கிணறாப் போறது மாதிரி."

சேரின் உம்மா அழத் தொடங்கினார். கட்டுரையைத் திறந்துவிட்டதையும் பிள்ளை பிழைத்ததையும் அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன். நான் ஸலாம் சொல்லி வெளியே வந்தபோது என் செருப்பை மாட்ட எனக்குக் கால் வரவில்லை.

மறுநாளிலிருந்து பதிவேட்டில் அந்த வரி விழவில்லை. திறந்த கட்டுரைக்கு யாரும் அனுமதி கேட்கத் தேவையில்லைதானே.

நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். பெரிய சேர் மடித்து வைத்த அந்தத் தாள் இன்னும் உங்கள் கோப்பில் இருக்கும், கோழி கிண்டின எழுத்தில், எடுத்து வாசியுங்கள். எழுதியவர் ஒருவர் மௌத்தானால், செய்தி வந்த அன்றே அவருடைய பக்கத்தைப் போய்ப் பாருங்கள், திறந்துதான் இருக்கிறதா என்று. கோரிக்கைகள் போகிற மின்னஞ்சலை நமது முகவரிக்கு மாற்றுங்கள். நான் கந்தோர்த் திறப்பை ஒப்படைத்த அன்று களஞ்சியத்தில் காரணம் எழுதாத பூட்டு ஒன்றுகூட இருக்கவில்லை. ஒவ்வொன்றாக நானே இருந்து பார்த்தேன். இது பெருமைக்குச் சொல்கிறேன்.

கடைத்தெருவில் இப்போதும் மையத்து போகிறது. கதவுகள் பாதிக்கு இறங்குகின்றன. நான் ஏதாவது கடைக்குள் நின்றால் குனிந்து, கதவுக்குக் கீழே கடந்து போகிற கால்களைப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் கிழவனுக்கு என்ன வந்தது என்று பார்க்கிறார்கள். எல்லாக் கால்களும் போய் முடியும்வரை நான் நிமிர்வதில்லை. எந்தக் காலாவது போகாமல் நிற்கிறதா, அதில் மஞ்சள் டேப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான், கதவை முதல் ஆளாக நானே தூக்குகிறேன்.